பரம்பரை உடம்பு: உடற்பருமனில் பரம்பரையலகுகளின் பங்கு என்ன?

கலியாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ நெடுநாள் காணாத உறவினர் இருவர் சந்தித்துக்கொண்டால், சுகம் விசாரித்து முடிவதற்குள் உடம்பைப் பற்றிய பேச்சு வந்துவிடுவது யாழ்ப்பாணத்தில் வழமை. "நல்லா உடம்பு வைச்சிட்டாய்" என்று ஒருவர் சொல்லுவார். "அது எங்கட அப்பாச்சியின்ர பரம்பரை உடம்பு, தண்ணி குடிச்சாலும் ஏறும்" என்று மற்றவர் பதில் சொல்லுவார். அவர் அப்பால் நகர்ந்ததும், "பரம்பரையாம், வாயைக் கட்டத் தெரியாது" என்று பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பதும் உண்டு. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கும் என்னிடம், பிறப்புரிமையியல் பாடம் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் யாரேனும் இந்த இரண்டு பேச்சில் எது சரி என்று கேட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அது விடையாகாது. பரம்பரை எவ்வாறு உடம்பை ஏற்றுகிறது என்று விளங்கிக்கொண்டால், "வாயைக் கட்டத் தெரியாது" என்ற பழிச்சொல்லே பெருமளவு பொருளற்றுப் போகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். எங்கள் பாடநூல்கள் பரம்பரையலகு என்று சொல்வதைத் தமிழ்நாட்டில் மரபணு என்பார்கள். உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு கலத்துக்குள்ளும் 23 சோடி நிறமூர்த்தங்களில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஏ, ரி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் மட்டுமே மாறி மாறி வரும் ஒரு நெடும் எழுத்துக்கோவையாக அதனைக் கருதலாம். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என இரண்டு பிரதிகள் எங்களிடம் உள்ளன. ஒவ்வொரு பிரதியிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். இந்தக் கோவையில் புரதங்களை ஆக்குவதற்கான குறிப்பைத் தாங்கிய பகுதிகளே பரம்பரையலகுகள். அவை ஏறத்தாழ 20,000 உள்ளன. புரதக் குறிப்புகள் முழுக் கோவையிலும் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவிலேயே அடங்கிவிடுகின்றன. மீதியில் ஒரு பகுதி, எந்தப் புரதம் எந்த இழையத்தில் எப்போது எவ்வளவு ஆக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

உறவற்ற இரண்டு மனிதரின் கோவைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால், ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஓரிடத்தில் வேறுபாடு இருக்கும். ஆயிரத்தில் ஒன்று என்பது சிறிதாகத் தோன்றினாலும், 300 கோடியில் அது பல இலட்சம் இடங்கள். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை உடலில் எந்த விளைவையும் காட்டுவதில்லை. சில வேறுபாடுகள் சொல்லையே மாற்றிவிடும்: கரை என்பது கறை ஆனால் பொருள் வேறாகிவிடுவது போல, ஓர் எழுத்து மாறியதனால் புரதமே வேறாகிவிடும் அல்லது வேலை செய்யாது போய்விடும். வேறு சில வேறுபாடுகள் சொல்லைத் தொடாது, அளவை மாற்றும். ஒரு சமையற் குறிப்பில் கறியின் பெயரும் செய்முறையும் அப்படியே இருக்க, உப்பு ஒரு கரண்டி என்றிருந்தது ஒன்றரைக் கரண்டி என்று மாறுவதைப் போன்றது இது. உடற்பருமனோடு தொடர்புள்ள வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வருவன எளிதாக விளங்கும்.

ஒட்டுமாவும் விதைமாவும்

உடற்பருமன் குடும்பத்தில் ஓடுகிறது என்பதைக் காண ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஆனால், ஒரே குடும்பத்தினர் ஒரே அடுப்பில் சமைத்ததையும் உண்கிறார்கள் என்பதால், ஓடுவது பரம்பரையா பானையா என்ற கேள்வி எழுகிறது. இதைப் பிரித்தறிய ஆய்வாளர் இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒன்று தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை ஆராய்வது. டென்மார்க்கில் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்து பெரியவர்களான 540 பேரை அமெரிக்க மருத்துவர் அல்பேட் ஸ்ரங்காட்டும் அவரது குழுவினரும் ஆராய்ந்து 1986 இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களின் உடற்பருமன் பெற்ற தாய் தந்தையரின் உடலமைப்போடு ஒத்துப்போனது. வளர்த்த தாய் தந்தையரின் உடலமைப்போடு அதற்குத் தொடர்பு காணப்படவில்லை. மற்றைய வழி இரட்டையரை ஆராய்வது. ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையர் ஒரே எழுத்துக்கோவை உடையவர்கள். அவர்கள் சிறு வயதிலேயே பிரிந்து வேறு வேறு வீடுகளில் வளர்ந்தபோதும் வயது வந்த பின்னர் அவர்களின் எடை வியக்கத்தக்க அளவு நெருங்கியே இருந்தது.

என்னை மிகவும் கவர்ந்த ஆய்வு கனடாவில் குளோட் பூஷாரும் அவரது குழுவினரும் செய்து 1990 இல் வெளியிட்டது. ஒத்த இரட்டையரான 12 சோடி இளைஞருக்கு, அவர்களின் தேவைக்கு மேலாக நாளொன்றுக்கு 1,000 கலோரி வீதம் கிழமையில் ஆறு நாள்கள், 100 நாள்களுக்குக் கூடுதலாக உணவளித்தார்கள். எல்லோருக்கும் கூடுதலாகக் கிடைத்த உணவு ஒரே அளவு. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோகிராம் மட்டுமே ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோகிராம் ஏறியது. ஒரு சோடியில் அண்ணனுக்குக் கூட ஏறினால் தம்பிக்கும் கூட ஏறியது. சோடிகளுக்கு இடையிலான வேறுபாடு, சோடிக்குள் இருந்த வேறுபாட்டைப் போல மூன்று மடங்கு. ஒரே பந்தியில் இருந்து ஒரே அளவு உண்டு எழும்பும் இருவரில் ஒருவருக்கு உடம்பு ஏறி மற்றவருக்கு ஏறாதிருப்பது கற்பனை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இத்தகைய ஆய்வுகளிலிருந்தே, மக்களிடையே காணப்படும் உடற்திணிவுச் சுட்டி (கிலோகிராமிலான எடையை மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்) வேறுபாட்டில் நூற்றுக்கு 40 முதல் 70 வரையான பங்கு பரம்பரை வேறுபாட்டால் வருவது என்று கணிக்கப்படுகிறது. இந்த எண்ணைப் போலத் தவறாக விளங்கிக்கொள்ளப்படும் எண் வேறு இல்லை என்பதால், இங்கே சற்றுத் தரித்து நிற்க விரும்புகிறேன். 90 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடலில் 60 கிலோகிராம் பரம்பரையால் வந்தது, மீதி சோற்றால் வந்தது என்பது இதன் பொருள் அல்ல.

கறுத்தக்கொழும்பான் மாமரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே தாய்மரத்தின் கிளைகளைக் கொண்டு ஒட்டிய கன்றுகளின் ஒட்டுக்கிளைகள் எல்லாம் எழுத்துக்கோவையில் ஒன்றே. அவற்றில் ஒன்றை வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்றடியிலும், இன்னொன்றை வடமராட்சிக் கரையோர மணலிலும் நட்டால், பத்து ஆண்டுகளின் பின் இரண்டு மரங்களும் ஒரே உயரமாக நிற்கப்போவதில்லை. அந்த வேறுபாடு முழுவதும் நிலத்தாலும் நீராலும் வந்தது. இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். பல மரங்களின் மாங்கொட்டைகளைப் பொறுக்கி வந்து ஒரே தோட்டத்தில், ஒரே இடைவெளியில், ஒரே கிணற்றுத் தண்ணீரை இறைத்து வளர்த்தால், மரங்களுக்கிடையே தோன்றும் வேறுபாடு பெரும்பாலும் கொட்டையினால் வந்ததாகவே இருக்கும். பரம்பரையின் பங்கு முதலாவது நிலைமையில் பூச்சியம். இரண்டாவதில் நூறுக்கு அண்மையில். மாமரத்தின் இயல்பு மாறவில்லை. நாங்கள் நட்ட விதம்தான் மாறியது. ஆகவே பரம்பரைப் பங்கு என்பது ஒரு தனிமனிதரின் உடலுக்குள் இருக்கும் எண் அல்ல. ஒரு குறித்த சமூகத்தில், ஒரு குறித்த காலத்தில், ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதை விளக்கும் எண் அது. காலமும் இடமும் மாறினால் அதுவும் மாறும்.

ஓர் எழுத்து போதும்போது

எழுத்து வேறுபாடு உடம்பை எவ்வழியால் ஏற்றுகிறது என்பதை முதலில் காட்டித் தந்தவர்கள், மிக அரிதான ஒரு நோயோடு பிறந்த இரு பிள்ளைகள். 1994 இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிறீட்மனின் குழுவினர், பிறவியிலேயே மிகப் பருத்த ஒருவகைச் சுண்டெலியில் லெப்டின் என்னும் ஓமோனின் பரம்பரையலகு பழுதடைந்திருப்பதைக் கண்டறிந்தனர். கொழுப்பிழையம் லெப்டினைச் சுரந்து குருதியில் விடுகிறது. கொழுப்புச் சேமிப்புப் போதுமான அளவு இருக்கிறது என்ற செய்தியை அது மூளைக்குக் கொண்டுசெல்கிறது. மூன்று ஆண்டுகளின் பின், பாகிஸ்தானியப் பின்னணியைச் சேர்ந்த, இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் இருவரை கேம்பிறிட்ஜ் ஆய்வாளர் பரிசோதித்தனர். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோகிராம். அவளுடைய நெருங்கிய உறவினனான இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோகிராம். இருவரின் லெப்டின் பரம்பரையலகிலும் ஜி என்ற ஒரேயொரு எழுத்து விடுபட்டிருந்தது. எவ்வளவு கொழுப்புச் சேர்ந்தாலும் அவர்களின் மூளைக்குச் செய்தி போகவில்லை. மூளை அவர்களைப் பட்டினியில் இருப்பவர்களாகவே கருதி ஓயாத பசியைக் கொடுத்தது. லெப்டினை ஊசி மூலம் கொடுக்கத் தொடங்கிய பின் அந்தப் பசி அடங்கியது. சிறுமிக்கு ஓர் ஆண்டில் 16 கிலோகிராமுக்கு மேல் குறைந்தது.

பெற்றோர் இருவரும் அந்தப் பழுதில் ஒவ்வொரு பிரதியைச் சுமந்தும் சுகதேகிகளாகவே வாழ்ந்தனர். இரண்டு பிரதிகளும் பழுதாகப் பெற்ற பிள்ளைகளுக்கே நோய் வந்தது. நெருங்கிய உறவுக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் ஒரே பழுது இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்புக் கூடுதல். மச்சான் மச்சாள் முறைத் திருமணத்தை ஏற்றுக்கொள்ளும் எங்கள் சமூகமும் இதனை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஆனாலும் இந்த நோய் மிக மிக அரிது. வளர்ந்தவர்களின் சாதாரண உடற்பருமனில் லெப்டின் குறைவாக இருப்பதில்லை. கொழுப்பு மிகுந்திருப்பதால் அது கூடுதலாகவே இருக்கிறது, ஆனால் மூளை அதற்குச் செவிசாய்ப்பது குறைந்திருக்கிறது. அதனால்தான் லெப்டின் ஊசி எல்லோருக்குமான மருந்தாக அமையவில்லை.

லெப்டினின் செய்தியைப் பெற்றுக் கடத்தும் வழியில் எம்.சி.4.ஆர். என்னும் வாங்கி (கலத்தின் மேலிருந்து செய்தியை ஏற்கும் புரதம்) ஒன்று மூளையில் இருக்கிறது. ஒரு பரம்பரையலகின் பழுதால் மட்டும் வரும் உடற்பருமனில் இந்த வாங்கியின் பழுதே மிகக் கூடுதலாகக் காணப்படுவது. 1998 இல் அது மனிதரில் கண்டறியப்பட்டது. இங்கே ஒரு பிரதி பழுதானாலே பசி கூடும். ஒரு பிரதி நன்றாக இருப்பதால், சுமப்பவர்கள் எல்லோரும் ஒரே அளவில் பருப்பதில்லை. இதே வாங்கியைக் கூடுதலாக இயங்கச் செய்யும் வேறுபாடுகளும் உள்ளன. அவற்றைப் பெற்றவர்கள் சராசரியாக மெலிந்தவர்கள். ஒரே வாங்கியில் ஒரு பக்க வேறுபாடு பசியைக் கூட்டுகிறது, மறுபக்க வேறுபாடு வயிறு நிறைந்த உணர்வை விரைவில் தருகிறது. மெலிந்திருப்பதை ஒழுக்கமாகவும் பருத்திருப்பதை ஒழுக்கக்கேடாகவும் எண்ணும் பழக்கத்தை, இந்த ஒரு வாங்கியின் கதையே கேள்விக்குள்ளாக்கிவிடுகிறது.

எப்.ரி.ஓ.: பலரிடம் இருக்கும் சிறு வேறுபாடு

மேலே சொன்னவை அரிதானவை. எங்களில் பெரும்பாலானோரைத் தொடுவது வேறொரு வகை. 2007 இல் பிரித்தானிய ஆய்வாளர் தலைமையில் ஏறத்தாழ 39,000 பேரிடம் செய்த ஆய்வில், 16 ஆவது நிறமூர்த்தத்தில் எப்.ரி.ஓ. என்னும் பரம்பரையலகுக்குள் ஒரு எழுத்து வேறுபாடு உடற்பருமனோடு தொடர்புபட்டிருப்பது வெளியானது. நீரிழிவுக்கான காரணத்தைத் தேடிப் போன ஆய்வில் தற்செயலாகக் கிடைத்தது இது: நீரிழிவுள்ளோரிடம் இந்த வேறுபாடு கூடுதலாக இருந்தது, ஆனால் எடையைக் கழித்துக் கணக்கிட்டபோது அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. அதாவது அது எடையை ஏற்றி, அந்த எடையின் வழியாகவே நீரிழிவுக்குப் பாதை திறந்தது. குறித்த இடத்தில் ஏ என்ற எழுத்தை இரண்டு பிரதிகளிலும் கொண்ட வளர்ந்தவர்கள், அது ஒரு பிரதியிலும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோகிராம் கூடுதல் எடையுள்ளவர்களாக இருந்தனர். அவர்களிடையே உடற்பருமன் ஏற்படும் சாத்தியம் ஏறத்தாழ 1.7 மடங்கு. ஐரோப்பிய வழிவந்தோரில் நூற்றுக்குப் பதினாறு பேர் இவ்வாறு இரண்டு பிரதிகளைக் கொண்டவர்கள். தெற்காசியரிடம் இந்த எழுத்துச் சற்றுக் குறைவாகக் காணப்பட்டாலும், இந்தியாவில் நடந்த ஆய்வுகளிலும் இதன் விளைவு உறுதிப்பட்டிருக்கிறது.

மூன்று கிலோகிராம் என்பது பெரிய எண் அல்ல. ஆனால் அது எவ்வாறு ஏறுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் நடுப்பொருள். 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கொட்லாந்துச் சிறுவர்களுக்கு உணவைப் பரப்பி வைத்து அவர்கள் உண்பதை அளந்தபோது, ஏ எழுத்தைச் சுமந்தவர்கள் கூடுதலான கலோரியை உட்கொண்டார்கள். அவர்களின் உடல் சக்தியை எரிக்கும் வேகத்தில் குறைவு காணப்படவில்லை. லண்டனில் பின்னர் நடந்த ஆய்வொன்று இதனை இன்னும் நெருங்கிப் பார்த்தது. பசியைத் தூண்டும் கிறெலின் என்ற ஓமோன், உணவுண்ட பின் குருதியில் குறைந்துபோவது இயல்பு. ஏ எழுத்து இரண்டையும் கொண்ட இளைஞரிடம், அவர்கள் இயல்பான எடையில் இருந்தபோதும், உணவின் பின் அந்தக் குறைவு போதியளவு நிகழவில்லை. வயிறு நிறைந்த பின்னும் அவர்களின் உடல் பசி என்ற செய்தியைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தது.

தண்ணீர் குடித்து யாருக்கும் உடம்பு ஏறுவதில்லை. அந்தச் சொல்லில் அறிவியல் பிழை இருக்கிறது. ஆனால் மத்தியானச் சோறு உண்டு எழும்பிய ஒருவர் நான்கு மணித் தேநீருக்கு முன்னரே மீண்டும் பசியை உணர்கிறார், அதே சோற்றை உண்ட இன்னொருவர் இரவுப் பிட்டு வரை உணவை நினைக்கவே இல்லை என்றால், இரண்டாமவர் வாயைக் கட்டினார் என்று புகழ்வதற்கு இடமில்லை. கட்டுவதற்கு அவருக்கு எதுவும் இருக்கவில்லை. முதலாமவர் ஒவ்வொரு நாளும் கட்டுகிறார். சில நாள்களில் தோற்கிறார்.

பசி ஒரு வழி மட்டுமே. 2015 இல் வெளியான இன்னோர் ஆய்வு, இந்தப் பகுதியிலுள்ள எழுத்து வேறுபாடு எப்.ரி.ஓ.வின் புரதத்தைத் தொடவில்லை என்றும், டி.என்.ஏ. இழை மடிந்து கிடப்பதனால் தொலைவிலுள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 என்ற இரண்டு பரம்பரையலகுகளின் இயக்க அளவைக் கூட்டுகிறது என்றும் காட்டியது. அவை கூடுதலாக இயங்கும்போது, சக்தியை வெப்பமாக எரித்திருக்கக்கூடிய இளம் கொழுப்புக் கலங்கள் அதைச் சேமிக்கும் கலங்களாக மாறுகின்றன. செய்முறை மாறாமல் உப்பின் அளவு மாறும் சமையற் குறிப்பை முன்னர் உவமித்தது இதனை மனதில் வைத்தே.

எப்.ரி.ஓ. தனித்து நிற்பதும் அல்ல. 2015 இல் உடற்திணிவுச் சுட்டியோடு தொடர்புள்ள இடங்கள் 97 அறியப்பட்டன. 2018 இல், ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு அந்த எண்ணிக்கை 941 ஆக உயர்ந்தது. அவற்றுக்கு அண்மையிலுள்ள பரம்பரையலகுகளில் பல, வயிற்றிலோ கொழுப்பிலோ அல்லாது மூளையிலேயே இயங்குபவை. அவற்றுள் பெரும்பாலானவை தனித்தனியே சில நூறு கிராம் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் எடையை அசைக்கும். 941 ஐயும் ஒன்றாகச் சேர்த்தாலும் மக்களின் உடற்திணிவுச் சுட்டி வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கையே அவை விளக்கின. அடுத்த ஆண்டில், இன்னும் பல இலட்சம் எழுத்துகளைக் கூட்டிக் கணித்த ஒரு புள்ளித்திட்டத்தின்படி, மிகக் கூடுதல் புள்ளி பெற்ற பத்திலொரு பங்கினரும் மிகக் குறைந்த புள்ளி பெற்ற பத்திலொரு பங்கினரும் நடுவயதில் சராசரியாக 13 கிலோகிராம் வேறுபட்டனர். கூடுதல் புள்ளி பெற்றவர்களிலும் இயல்பான எடையில் வாழ்ந்தவர்கள் இருந்தனர். இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தோரைக் கொண்டு கணிக்கப்பட்டவை. ஏனைய மக்களில் அவை நன்றாகப் பொருந்துவதில்லை. தெற்காசியரை உள்ளடக்கிய ஆய்வுகள் பெருக வேண்டும் என்ற கோரிக்கையை நான் மிகுந்த அக்கறையோடு வழிமொழிகிறேன்.

எழுத்து மாறவில்லை, ஊர் மாறியது

ஒரு மனித சமூகத்தின் எழுத்துக்கோவை இரண்டு மூன்று தலைமுறைக்குள் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. ஆயினும் அதே கால அளவில் உலகெங்கும் உடற்பருமன் பெருகியிருக்கிறது. அவ்வாறாயின் பரம்பரைக்கு இதில் என்ன வேலை? அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் நகரில் 1948 இல் தொடங்கிப் பல தலைமுறைகளைத் தொடர்ந்துவரும் ஆய்வு இதற்கு அழகிய விடை ஒன்றைத் தந்தது. எப்.ரி.ஓ. வேறுபாட்டுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு, 1942 இன் பின் பிறந்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் அவ்வாறு தெரியவில்லை. அதே எழுத்து, அதே ஊர், சில வேளை அதே குடும்பம். சூழல் மாறிய பின்னரே எழுத்தின் விளைவு வெளிப்பட்டது.

இதனை யாழ்ப்பாணத்தில் வைத்து எண்ணிப் பார்ப்பது கடினமல்ல. துலா மிதித்தும் பட்டையில் இறைத்தும் தோட்டம் செய்த தலைமுறையின் உடல் உழைப்பை நான் இங்கே அளந்து காட்ட வேண்டியதில்லை. 1990 களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் பெற்றோலும் மண்ணெண்ணெயும் அரிதாகியிருந்தபோது, ஆசிரியரும் மாணவரும் மருத்துவரும் சைக்கிளிலேயே குடாநாட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தார்கள். அந்தத் துன்பக் காலத்தை நல்ல காலமாக்கிப் பேசுவது பெரும் பிழை. பட்டினியும் இடப்பெயர்வும் உடலுக்கு நன்மை செய்வதில்லை. நான் சொல்ல வருவது வேறு: பசியைக் கூட்டும் எழுத்தைச் சுமந்த ஒருவருக்கு, சுற்றிவர உணவு அளவாகவும் உழைப்பு மிகுதியாகவும் இருந்த அந்த ஊரில், அந்த எழுத்து வெளியே தெரிய வாய்ப்பிருக்கவில்லை. அவருடைய மகன் இன்று மோட்டார் சைக்கிளில் சந்திக்குப் போய், கொத்துரொட்டியும் றோல்ஸும் சீனி கூடிய பால்தேநீரும் எந்த நேரமும் கிடைக்கும் தெருவில் நிற்கிறான். பேத்தி றொரன்ரோவில் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் வாழ்கிறாள். மூவரிடமும் இருப்பது ஒரே எழுத்து.

உடலுழைப்பு இந்த எழுத்தின் விளைவைக் குறைக்கும் என்பதற்கு நேரடிச் சான்றும் உண்டு. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வளர்ந்தவர்களின் தரவுகளை ஒன்றாக்கி 2011 இல் வெளியான ஆய்வின்படி, உடலை இயக்கி வாழ்வோரிடம் எப்.ரி.ஓ. வேறுபாடு உடற்பருமனை உண்டாக்கும் விளைவு, அசையாது வாழ்வோரிடம் உள்ளதைவிட நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. முற்றாக மறையவில்லை, குறைந்தது.

பஞ்சக் காலங்களில் கொழுப்பைச் சேமித்து வைக்கும் பரம்பரையலகுகளே தப்பிப் பிழைத்தன, அவையே இன்று எங்களைப் பருக்க வைக்கின்றன என்ற விளக்கத்தைப் பலர் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் நீல் 1962 இல் முன்வைத்த கருதுகோள் அது. கேட்க இனிமையாக இருப்பினும், அதற்கு எதிரான வாதங்களும் வலுவானவை. நிறுவப்பட்ட உண்மையாக அதனை வகுப்பில் நான் கற்பிப்பதில்லை.

மெலிந்த கை, பருத்த வயிறு

எங்களைப் போன்ற தெற்காசியர் தனியாக அறிய வேண்டிய ஒரு விடயம் உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004 இல் தங்கள் இருவரின் புகைப்படத்தை ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டனர். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3, பார்த்தால் இருவரும் மெலிந்தவர்கள். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 பங்கு. கையும் காலும் மெலிந்து வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது எங்கள் உடலமைப்பின் போக்கு. அதனாலேயே 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியருக்கு 23 க்கு மேலே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது, 27.5 க்கு மேலே மிகக் கூடுகிறது என்று கருதும்படி ஆலோசனை கூறியது. ஐரோப்பியருக்கு இந்த எல்லைகள் 25, 30. எம்.சி.4.ஆர். வாங்கிக்கு அண்மையிலுள்ள ஓர் எழுத்து வேறுபாடு, இடுப்புச் சுற்றளவை ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் கூட்டுவதாக லண்டன் வாழ் இந்திய வழியினரையும் உள்ளடக்கி நடந்த ஆய்வு 2008 இல் காட்டியது. அந்த எழுத்து இந்திய வழியினரிடம் கூடுதலாகக் காணப்பட்டது. வயிற்றுக் கொழுப்பின் கதை முழுவதையும் ஓர் எழுத்தின் மேல் ஏற்றிவிட முடியாது. கருவில் இருக்கும்போது தாய்க்குக் கிடைத்த போசாக்கு, பிறப்பு எடை என்பனவும் அதில் சேர்ந்திருக்கின்றன.

இனி, உமிழ்நீரைக் குழாயில் அனுப்பினால் உங்கள் பரம்பரையலகுக்கு ஏற்ற உணவுப்பட்டியலைத் தருகிறோம் என்ற விளம்பரங்களைப் பற்றி. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக இவற்றை வாங்கி அனுப்பும் வழக்கம் தொடங்கிவிட்டதால், என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: சாதாரண உடற்பருமனுக்கு இவை பணத்துக்குப் பெறுமதியானவை அல்ல. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஓராண்டு தொடர்ந்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புக் குறைந்த உணவுக்கு ஏற்றவர், மாச்சத்துக் குறைந்த உணவுக்கு ஏற்றவர் என்று பரம்பரையலகைக் கொண்டு பிரித்ததால் எந்தப் பயனும் விளையவில்லை. இரு உணவு முறையிலும் எடை குறைந்தது, யாருக்கு எது என்பதை எழுத்துகள் முன்கூட்டிச் சொல்லவில்லை. எப்.ரி.ஓ. வேறுபாட்டைச் சுமப்பவர்கள் உணவாலும் உடற்பயிற்சியாலும் எடையைக் குறைக்க முயலும்போது, ஏனையோர் அளவுக்கு அவர்களுக்கும் குறைகிறது என்பதை எட்டு ஆய்வுகளின் 9,500 க்கு மேற்பட்டோரின் தரவுகள் 2016 இல் உறுதிசெய்தன. எழுத்து உடம்பை ஏற்றக்கூடும். இறங்கும் பாதையை அது அடைப்பதில்லை.

பரிசோதனை உண்மையில் தேவைப்படுவது வேறிடத்தில். ஐந்து வயதுக்கு முன்னரே மிகையாகப் பருத்து, ஓயாத பசியால் உணவை ஒளித்து வைத்து உண்ணும் பிள்ளைக்கு, குறிப்பாகப் பெற்றோர் நெருங்கிய உறவினராயின், குழந்தை மருத்துவர் ஊடாகப் பரம்பரையலகுப் பரிசோதனை செய்வது பயன் தரும். அத்தகைய சில பழுதுகளுக்கு 2020 முதல் செற்மெலனோரைட் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளையை அடித்தோ பட்டினி போட்டோ திருத்த முயல்வது கொடுமை.

வளர்ந்தவர்களுக்கு எளிய பரிசோதனை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் யார் யாருக்கு எந்த வயதில் நீரிழிவும் மாரடைப்பும் வந்தன என்று மூத்தவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். வெளிநாட்டிலுள்ள சித்தி, மாமாமாரையும் விடாது சேருங்கள். பிறகு தையற்காரரின் அளவு நாடாவை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளவுங்கள். ஆண்களில் 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களில் 80 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்டால், தராசு என்ன சொன்னாலும், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு அண்மையிலுள்ள வைத்தியசாலையில் குருதியில் வெல்ல அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.